மாடிஃபை பண்ணின கார் மோதிட்டா இன்சூரன்ஸ் பணம் வருமா? ஓசூர் – பெங்களூரு ரோட்டுல ஓட்டுறவங்களுக்கு ஒரு முழுக் கணக்கு



சிப்காட்ல வேலை கிடைச்சதும் முதல் கார். முதல் போனஸ்ல அலாய் வீல், அடுத்த போனஸ்ல ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, ஆம்ப், பின்னாடி ஒரு சப்வூஃபர். முன்னாடி ஒரு கம்பி பம்பர். ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி பக்கம் வேலை பாக்குற பசங்க காரை எடுத்துப் பாத்தா, பாதிக் காருல இதுல ஏதாவது ஒண்ணு இருக்கும். ஆனா இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் பாத்தா "ஆக்சஸரீஸ் மதிப்பு: 0"ன்னு இருக்கும். ஏன்னா ஆன்லைன்ல புதுப்பிக்கும்போது அந்தக் கட்டத்தை யாரும் தொடுறதே இல்ல.

இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளிதான் விபத்து அன்னைக்கு லட்சக்கணக்குல உங்க பாக்கெட்டைப் பிடிக்குது. சட்டம் என்ன சொல்லுது, கணக்கு எப்படி வருது, கிளைமை எப்படி நடத்தணும், மறுத்தா எங்க போகணும்னு வரிசையா இந்தப் பதிவுல பாத்துடலாம்.

சுருக்கமான பதில் முதல்ல: மாடிஃபை பண்ணின ஒரே காரணத்தால எல்லாக் கிளைமும் செத்துடாது. ஆனா சொல்லாம மாட்டின பொருளுக்குப் பணம் வராது. சட்டம் அனுமதிக்காத மாற்றம் விபத்துக்குக் காரணமா இருந்தா மொத்தக் கிளைமும் ஆபத்துல போய் நிக்கும்.

1. உங்க மாற்றம் எந்தக் கூடையில இருக்கு?

எல்லா மாற்றமும் ஒண்ணு இல்ல. மூணு கூடையா பிரிச்சுக்கோங்க.

முதல் கூடை, வெறும் ஆக்சஸரீஸ். ஸ்டீரியோ, ஸ்பீக்கர், டேஷ் கேமரா, சீட் கவர், கம்பெனி அனுமதிச்ச அளவுக்குள்ள இருக்கிற அலாய் வீல். இதுக்கு ஆர்டிஓ ஆபீஸ் போக வேண்டியதில்ல. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மட்டும் சொல்லணும்.

இரண்டாவது கூடை, ஆர்சி புக்கைத் தொடுற மாற்றம். சிஎன்ஜி அல்லது எல்பிஜி கிட், காரோட நிறத்தையே மாத்துறது. இதுக்கு ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்சி-யில பதிவு பண்ணணும். லோன் இருந்தா பேங்க்கோட சம்மதமும் வேணும். அதுக்கப்புறம் இன்சூரன்ஸ்லயும் ஏத்தணும். கிட் அங்கீகாரம் பெற்றதா இருக்கணும், தெரிஞ்ச மெக்கானிக் மாட்டிக் கொடுத்ததுன்னு சொன்னா எடுபடாது.

மூணாவது கூடை, அனுமதியே இல்லாதது. வண்டியோட பாடி அமைப்பை வெட்டி மாத்துறது, டயர் அளவை ஏகத்துக்கும் பெருசாக்குறது, முன்னாடி மாட்டுற கம்பி பம்பர் எல்லாம் இதுல வரும். கம்பி பம்பர் வேண்டாம்னு 2017 டிசம்பர்லயே மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் எல்லா மாநிலத்துக்கும் எழுதிடுச்சு. மோதும்போது காரோட முன்பகுதி நசுங்கி வேகத்தை வாங்கிக்கிற மாதிரிதான் வடிவமைச்சிருக்காங்க. கம்பி பம்பர் அதைக் கெடுத்து, மோதலை நேரா சேஸிஸுக்கு அனுப்பிடும். ஏர்பேக் சரியான நேரத்துல விரியறதும் பாதிக்கப்படும்.

இதுக்கு அடிப்படை மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. ஆர்சி-யில இருக்கிற விவரம், தயாரிச்ச கம்பெனி முதல்ல கொடுத்த விவரத்துல இருந்து மாறுபடுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. கேரளாவுல இருந்து போன ஒரு வழக்குல (ஆர்டிஓ எதிர் கே. ஜெயச்சந்திரா) 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவா உறுதி பண்ணிடுச்சு. அதே 2019-ல வந்த சட்டத் திருத்தம் 182ஏ(4)-ங்கிற பிரிவைச் சேர்த்துச்சு. அனுமதி இல்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாசம் வரை சிறை, அல்லது ரெண்டும்.

2. சொல்றதுக்கு எவ்வளவு செலவாகும்?

பழைய மோட்டார் டாரிஃப் 2002-ல இருந்து வந்தது. கார் கூட வராத எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக் பொருளுக்கு அதோட மதிப்புல 4% கூடுதல் பிரீமியம். வெளியில மாட்டின சிஎன்ஜி, எல்பிஜி கிட்டுக்கும் அதே 4%, கூடவே தேர்டு பார்ட்டி பகுதியில 60 ரூபாய். எலக்ட்ரிக்கல் இல்லாத பொருளுக்கு காருக்குப் போடுற ஓன் டேமேஜ் ரேட்டே. இப்போ கம்பெனிக்குக் கம்பெனி ரேட் மாறும், ஆனா வரிசை இதுதான்.

ஒரு உதாரணம். இது கணக்குக்காக நான் எடுத்துக்கிட்ட எண்கள்:

ஸ்டீரியோ, ஆம்ப், ஸ்பீக்கர்: 55,000 ரூபாய். 4% = 2,200.
நாலு அலாய் வீல் 48,000, சீட் கவர் 17,000, ஆக 65,000 ரூபாய். ஓன் டேமேஜ் ரேட் 2%ன்னு வெச்சா 1,300.
மொத்தம் 3,500. ஜிஎஸ்டி 18% சேர்த்தா 4,130 ரூபாய்.

மாசத்துக்கு 345 ரூபாய்க்குள்ள. 1.20 லட்சம் போட்டு மாட்டின பொருளைக் காப்பாத்த ஆகுற செலவு இது.

பாலிசி நடுவுல மாட்டினா அடுத்த வருஷம் வரை காத்திருக்காதீங்க. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு பில்லோட மெயில் போட்டு எண்டோர்ஸ்மென்ட் கேளுங்க. மீதி இருக்கிற நாளுக்கு மட்டும் பிரீமியம் வாங்குவாங்க. சில கம்பெனி வண்டியைப் பாத்துட்டுத்தான் போடும். எண்டோர்ஸ்மென்ட் பேப்பர் கையில வந்தா மட்டும்தான் கவர் ஆரம்பம். "ஏஜென்ட்கிட்ட போன்ல சொன்னேன்"ங்கிறது எந்தக் கோர்ட்லயும் நிக்காது.

ஒண்ணு கவனிங்க: மதிப்பைப் பில்லுல உள்ளபடி சொல்லணும். பில் இல்லாத பொருளுக்கு வாங்கின அன்னைக்கே பில் கேட்டு வாங்கிடுங்க. ரெண்டு ஆயிரம் தள்ளுபடிக்காகப் பில்லை விட்டுட்டா, கிளைம் அன்னைக்கு அந்தப் பொருளுக்கு விலையே இல்ல.

3. மோதினா கணக்கு எப்படி வரும்?

அதே கார். இரண்டரை வயசு, ஐடிவி 6,00,000 ரூபாய், இன்ஜின் 1500 சிசி-க்குள்ள. முன்பக்கம் மோதல். பட்டறை எஸ்டிமேட் (ஜிஎஸ்டி-யை விட்டுட்டுப் பாப்போம்):

இரும்புப் பாகம் 80,000
பம்பர், கிரில் மாதிரி பிளாஸ்டிக் 60,000
கண்ணாடி 10,000
பெயிண்ட் வேலை 24,000
டிங்கரிங், லேபர் 26,000
கம்பெனி பாகங்கள் மொத்தம் 2,00,000

இது போக உடைஞ்ச ரெண்டு அலாய் வீல் 24,000, ஸ்டீரியோ 40,000. ஆக பில் 2,64,000.

சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில தேய்மானம் கழிப்பாங்க. ரெண்டுல இருந்து மூணு வயசு காருக்கு இரும்புல 15%, பிளாஸ்டிக்ல 50%, கண்ணாடிக்குக் கழிவே இல்ல. பெயிண்ட் பில்லுல 25%-ஐ மெட்டீரியல்னு எடுத்து அதுல பாதியைக் கழிப்பாங்க.

இரும்பு 68,000 + பிளாஸ்டிக் 30,000 + கண்ணாடி 10,000 + பெயிண்ட் 21,000 + லேபர் 26,000 = 1,55,000. கட்டாயக் கழிவு 1,000 போக 1,54,000 வரும்.

இப்போ நாலு நிலைமையைப் பாருங்க.

அ) மாற்றம் எல்லாம் பாலிசியில இருக்கு: 1,54,000 வரும். அலாய் வீலுக்கு 15% போக 20,400, ஸ்டீரியோவுக்கு நீங்க சொன்ன மதிப்புக்குள்ள தேய்மானம் போக மீதியும் வரும்.

ஆ) மாற்றம் பாலிசியில இல்ல, ஆனா விபத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல: 1,54,000 வரும். ஆக்சஸரீஸுக்கான 64,000 முழுசா உங்க கை. மொத்தம் உங்க செலவு 1,10,000.

இ) விதிமீறல்னு சொல்லி 75% மட்டும் கொடுத்தா: 1,15,500. உங்க செலவு 1,48,500.

ஈ) முழுசா மறுத்தா: 2,64,000 உங்க தலையில.

பம்பர் டு பம்பர் அதாவது ஜீரோ டெப் போட்டிருந்தா தேய்மானம் கழியாது, 1,99,000 வரும். ஆனா பாலிசியில ஏத்தாத அலாய் வீலை அதுவும் காப்பாத்தாது. ஜீரோ டெப் இருந்தா எல்லாம் கவர்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அது தப்பு.

இன்னும் பெரிய ஆபத்து ஒண்ணு இருக்கு. ரிப்பேர் செலவு ஐடிவி-யில 75%-ஐத் தாண்டினா, நம்ம உதாரணத்துல 4,50,000-ஐத் தாண்டினா, அது டோட்டல் லாஸ். ஐடிவி-தான் கிடைக்கும், அதுவும் ஆர்சி-யில ஹைப்போதிகேஷன் இருந்தா முதல்ல பேங்க்குக்கு. கார் லோன் பாக்கி 6,80,000 இருந்துச்சுன்னா 80,000 நீங்க மேல போடணும். அலாய் வீலும் ஸ்டீரியோவும் பர்சனல் லோன்லயோ கிரெடிட் கார்டு இஎம்ஐ-லயோ வாங்கியிருந்தா, கார் ஸ்கிராப்புக்குப் போன பிறகும் அந்த இஎம்ஐ ஓடும். ஏத்தியிருந்தா அந்த மதிப்பும் ஐடிவி-யோட சேர்ந்து வந்திருக்கும்.

4. கோர்ட் என்ன சொல்லியிருக்கு?

நமக்குப் பக்கத்து மாநிலத்து வழக்கு ஒண்ணு தெரிஞ்சுக்கணும். பி.வி. நாகராஜு எதிர் ஓரியண்டல் இன்சூரன்ஸ், 1996. கம்பெனியோட ஹாசன் ஆபீஸ் எடுத்த முடிவு. டிரைவர் போக 6 பேர் மட்டும் ஏத்தலாம்னு இருந்த லாரியில 9 பேர் இருந்தாங்க, எதிர்ல வந்த வண்டியோட மோதல். விதி மீறிட்டீங்கன்னு கம்பெனி மறுத்துச்சு. உச்ச நீதிமன்றம் கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது: கூட இருந்த ஆட்களால விபத்து நடந்துச்சா? இல்ல. அப்படின்னா அது கிளைமையே அழிக்கிற அளவு அடிப்படை மீறல் இல்ல.

2010-ல அமலேந்து சாஹு வழக்குல சொந்தக் காரை வாடகைக்கு விட்டிருந்தாங்க. அதுலயும் முழுசா மறுக்கக் கூடாது, "நான்-ஸ்டாண்டர்டு" முறையில செட்டில் பண்ணணும்னு உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. மேல நான் சொன்ன 75% அங்கிருந்துதான் வருது.

இதை வெச்சுக்கிட்டு "அப்போ என்ன மாத்தினாலும் கிடைச்சுடும்"னு நினைக்காதீங்க. 2021-ல சுஷீல் குமார் கோதாரா வழக்குல டெம்பரரி ரெஜிஸ்ட்ரேஷன் முடிஞ்சுபோன பொலேரோ திருடு போச்சு. செல்லுபடியாகிற பதிவே இல்லாம வண்டியை ஓட்டினது அடிப்படை மீறல்னு சொல்லி, பணம் கொடுக்க வேண்டாம்னு அதே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு கொடுத்துச்சு.

ஆக நீங்க கேட்டுக்க வேண்டிய கேள்வி: என் மாற்றத்துக்கும் இந்த விபத்துக்கும் தொடர்பு இருக்கா? அத்திப்பள்ளி டோல் வரிசையில நிக்கிறப்போ பின்னாடி வந்தவன் இடிச்சா, உங்க அலாய் வீலுக்கு அதுல பங்கே இல்ல, தைரியமா வாதாடலாம். ஹெட்லைட் வயரிங்கை வெட்டி ஒட்டி அதிக வாட் பல்பு போட்டு, அதுல ஷார்ட் சர்க்யூட் ஆகி கார் எரிஞ்சா, அந்தத் தொடர்பு சர்வேயர் ரிப்போர்ட்ல நேரா வந்து உக்காந்துடும்.

தேர்டு பார்ட்டி பகுதி தனி. அடிபட்டவருக்கான இழப்பீட்டை இன்சூரன்ஸ் கம்பெனி மறுக்க சட்டத்துல (பிரிவு 150) குறிப்பிட்ட சில காரணங்கள் மட்டும்தான் உண்டு. ஆனா முக்கியமான விஷயத்தை மறைச்சுப் பாலிசி வாங்கினதும் அதுல ஒண்ணு. அதனால மறைக்கிறது எந்தப் பக்கமும் லாபம் இல்ல.

5. விபத்து நடந்த அன்னைக்கு என்ன பண்ணணும்?

ஆள் பத்திரமா இருக்காங்களான்னு பாருங்க, அப்புறம்தான் மத்ததெல்லாம். என்எச் 44-ல கிரேன், ஆம்புலன்ஸ் உதவிக்கு 1033. போலீஸுக்கு 112.

வண்டியை நகர்த்துறதுக்கு முன்னாடி, டிராஃபிக்குக்கு ஆபத்து இல்லேன்னா, நாலு பக்கமும் போட்டோ எடுங்க. நம்பர் பிளேட், ரோடு, எதிர் வண்டி, உங்க மாற்றங்கள், எல்லாம் தெரியணும்.

நம்ம ஏரியாவுக்கே உரிய சிக்கல் எல்லை. விபத்து ஜூஜுவாடி பக்கம்னா தமிழ்நாடு போலீஸ், அத்திப்பள்ளி தாண்டினா கர்நாடகா. யாருக்காவது காயம்னாலோ அடுத்தவர் சொத்து சேதம்னாலோ போலீஸ் பதிவு அவசியம். "இது எங்க லிமிட் இல்ல"ன்னு திருப்பி அனுப்பினா, 2024 ஜூலை 1-ல இருந்து நடைமுறையில இருக்கிற பிஎன்எஸ்எஸ் பிரிவு 173-ஐச் சொல்லுங்க. பிடிக்கத்தக்க குற்றத்தைப் பத்தின தகவலை, இடம் எந்த லிமிட்ல இருந்தாலும் ஸ்டேஷன்ல வாங்கிக்கணும். அதைத்தான் ஜீரோ எஃப்ஐஆர்-னு சொல்றோம். அலைச்சல் குறையும்னு இடத்தை மாத்திச் சொல்லாதீங்க. டோல் ஃபாஸ்டேக் நேரமும் டோயிங் பில்லும் உண்மையைக் காட்டிக் கொடுத்துடும்.

அன்னைக்கே இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லி கிளைம் நம்பர் வாங்குங்க. ஐஆர்டிஏஐ 2024 ஜூன்ல வெளியிட்ட சுற்றறிக்கைப்படி சர்வேயர் 15 நாளுக்குள்ள ரிப்போர்ட் கொடுக்கணும், அது வந்த 7 நாளுக்குள்ள கம்பெனி முடிவு சொல்லணும். தேதியைக் குறிச்சு வெச்சுக்கோங்க.

இப்போ ரொம்ப முக்கியமான விஷயம். பட்டறையில யாராவது சொல்லுவாங்க: "சார், சர்வேயர் வர்றதுக்கு முன்னாடி கம்பி பம்பரைக் கழட்டிட்டு ஒரிஜினல் வீலை மாட்டிடலாம், ஒண்ணும் தெரியாது." ஒத்துக்காதீங்க. இதுவரைக்கும் உங்க தப்பு ஒரு விதிமீறல், அதுக்கு 75%-ன்னாவது வாதாடலாம். கழட்டி மறைச்ச நிமிஷம் அது மோசடி ஆயிடும். பாலிசி நிபந்தனைப்படி மொத்தக் கிளைமையும் மறுக்கலாம், அதுக்கப்புறம் எந்த வழக்கும் உங்களைக் காப்பாத்தாது. போட்ட இன்ஸ்டாகிராம் ரீல்ஸ்ல கம்பி பம்பர் இருக்கு, ஸ்பாட் போட்டோவுல இருக்கு, சர்வேயருக்குக் கண்ணு இருக்கு.

கிளைம் ஃபார்ம்ல மாற்றங்களை இருக்கிறபடியே எழுதுங்க. கூடவே ஒரு பக்கக் கடிதம் கொடுங்க: என்ன மாற்றம், எப்போ, பில் நம்பர், விபத்து நடந்த விதம், மாற்றத்துக்கும் விபத்துக்கும் ஏன் தொடர்பு இல்ல. எஸ்டிமேட்டை ரெண்டாப் பிரிச்சுத் தரச் சொல்லுங்க: கம்பெனி பாகம் தனி, ஆக்சஸரீஸ் தனி. ஒண்ணாக் கலந்து போனா மொத்தமா வெட்டுறதுக்கு வசதியாப் போயிடும்.

சின்ன சேதம்னா நோ கிளைம் போனஸையும் கணக்குப் பாருங்க. முதல் வருஷம் 20%-ல ஆரம்பிச்சு அஞ்சு வருஷத்துல 50% வரை போகும், ஒரு கிளைம்ல அது பூஜ்யம். ஒரு அலாய் கீறலுக்காக அதை இழக்காதீங்க.

6. கேஏ நம்பர் செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினவங்களுக்கு

பெங்களூருல ஏற்கெனவே மாடிஃபை பண்ணின கார் மலிவாக் கிடைக்குதுன்னு வாங்குறீங்க. மூணு விஷயம்.

ஒண்ணு, பாலிசி உங்க பேருக்குத் தானா மாறாது. தேர்டு பார்ட்டி கவர் வண்டியோட வரும், ஆனா ஓன் டேமேஜ் வராது. 1996 கம்ப்ளீட் இன்சுலேஷன் வழக்குல உச்ச நீதிமன்றமே சொன்னது. வாங்கின 14 நாளுக்குள்ள பேர் மாத்த விண்ணப்பிக்கணும்.

ரெண்டு, பிரிவு 47-ன்படி வேற மாநிலத்துல 12 மாசத்துக்கு மேல வெச்சிருந்தா அங்க மறுபதிவு பண்ணணும். ஓசூர்லயே குடியிருந்தா டிஎன் 70-க்கு மாத்துற செலவையும் தமிழ்நாட்டு வரியையும் விலையில சேர்த்துப் பாருங்க.

மூணு, பழைய ஓனர் பண்ணின மாற்றத்துக்கும் இப்போ நீங்கதான் பொறுப்பு. ஆர்சி-யையும் காரையும் பக்கத்துல வெச்சு நிறம், எரிபொருள் எல்லாம் ஒத்துப் பாத்துட்டு அட்வான்ஸ் கொடுங்க.

7. மறுத்துட்டா?

வாய்வார்த்தையில வேண்டாம், காரணத்தையும் பாலிசி நிபந்தனை எண்ணையும் எழுத்துல கேளுங்க. சர்வே ரிப்போர்ட் நகல் கேளுங்க. குறைஞ்ச தொகைக்கு "முழுமையான இறுதித் தீர்வு"ன்னு கையெழுத்து கேட்டா, ஒத்துக்கலைங்கிறதை முதல்ல மெயில்ல பதிவு பண்ணுங்க.

அடுத்து கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்க. கூடவே ஐஆர்டிஏஐ-யோட பீமா பரோசா தளத்துலயும் போடலாம். ஒரு மாசத்துல பதில் இல்லேன்னாலோ திருப்தி இல்லேன்னாலோ இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். கட்டணம் இல்ல, வக்கீல் வேண்டாம், ஒரு வருஷத்துக்குள்ள போகணும். வீடு ஓசூர்னா சென்னை ஆபீஸ். பெங்களூருல குடியிருந்தா பெங்களூரு ஆபீஸ்.

அதுவும் வேண்டாம்னா நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்க குடியிருக்கிற அல்லது வேலை பாக்குற மாவட்டத்துலயே போடலாம், அதாவது கிருஷ்ணகிரி. கம்பெனியோட தலைமை ஆபீஸ் மும்பையில இருந்தாலும் நீங்க அங்க போக வேண்டியதில்ல. கால அவகாசம் 2 வருஷம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

பாலிசி பிடிஎஃப்-ஐத் திறங்க. எலக்ட்ரிக்கல் ஆக்சஸரீஸ், நான்-எலக்ட்ரிக்கல் ஆக்சஸரீஸ், பை-ஃபியூயல் கிட்: இந்த மூணு கட்டத்துல என்ன எண் இருக்குன்னு பாருங்க. கீழ போய் காரையும் பாருங்க. ரெண்டும் ஒத்துப் போகலேன்னா பில்லைத் தேடி எடுத்து எண்டோர்ஸ்மென்ட்டுக்கு மெயில் போடுங்க. மூணாவது கூடைப் பொருள் ஏதாவது இருந்தா, விபத்துக்கு அப்புறம் இல்ல, இப்பவே கழட்டுங்க. அது தப்பும் இல்ல, மோசடியும் இல்ல.

உங்க நண்பர் யாராவது புது அலாய் வீல் போட்டோவை ஸ்டேட்டஸ்ல வெச்சிருந்தா, ஒரு லைக்கோட இந்தப் பதிவையும் சேர்த்து அனுப்புங்க. ஜீரோ டெப் வேணுமா வேண்டாமாங்கிற கணக்கை அடுத்த வீடியோவுல எண்களோட பாக்கலாம்.